அம்மாவுக்கு ஆங்கிலம் வராது: அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வில் யாருக்கு விலக்கு உண்டு, எப்படிக் கேட்பது?

"அம்மாவுக்கு இங்கிலீஷ் பேச வராதே, அவங்க எப்படி சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவுக்குப் போவாங்க?" அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப என் காதில் விழுகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் "வயசானவங்களுக்கு டெஸ்டே கிடையாதாமே" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் "ஆங்கிலம் தெரியாவிட்டால் வாய்ப்பே இல்லை" என்று விண்ணப்பிக்காமலே பல வருடம் ஓட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. விலக்கு நிச்சயம் உண்டு. ஆனால் எல்லாருக்கும் இல்லை, எல்லாவற்றிலிருந்தும் இல்லை.

முதலில் தேர்வு என்பது என்ன என்று பார்த்துவிடலாம். என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் போட்டபின் யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுத் துறை) அலுவலகத்தில் ஒரு நேர்காணல் நடக்கும். அங்கேதான் இரண்டு தேர்வும். ஒன்று ஆங்கிலம்: பேசுவது, ஒரு வாக்கியம் படிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது. இன்னொன்று சிவிக்ஸ், அதாவது அமெரிக்க வரலாறும் அரசாங்க அமைப்பும். இந்த இரண்டையும் தனித்தனியாக மனதில் வையுங்கள். விலக்கு பற்றிய குழப்பம் முழுக்க இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்திலிருந்து விலக்கு கிடைத்தவர் பெரும்பாலும் சிவிக்ஸ் தேர்வு எழுத வேண்டும். 'எழுத' என்றது பேச்சு வழக்கில். உண்மையில் அது வாய்மொழித் தேர்வு. விலக்குப் பெற்றவர் அதைத் தமிழிலேயே சொல்லலாம்.

வயதும் வருடமும்

வயதை வைத்துக் கிடைக்கும் விலக்கு மூன்று வகை. வழக்கறிஞர்கள் இவற்றை 50/20, 55/15, 65/20 என்று சொல்வார்கள். முதல் எண் வயது, இரண்டாவது கிரீன் கார்டுடன் (நிரந்தரக் குடியிருப்பு அட்டை) அமெரிக்காவில் வாழ்ந்த வருடங்கள்.

50 வயது நிறைந்து, நிரந்தரக் குடியிருப்பாளராக 20 வருடம் இங்கே வாழ்ந்திருந்தால் ஆங்கிலத் தேர்வு கிடையாது. 55 வயது நிறைந்து 15 வருடம் ஆகியிருந்தாலும் அப்படியே. இந்த இரண்டு பிரிவினரும் சிவிக்ஸ் தேர்வை முழுமையாகச் சந்திக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் துணையோடு.

மூன்றாவது பிரிவு, 65 வயதும் 20 வருடமும் ஆனவர்களுக்கு. இவர்களுக்கு ஆங்கிலமும் கிடையாது, சிவிக்ஸும் எளிது. நட்சத்திரக் குறி போட்ட 20 கேள்விகள் மட்டும் படித்தால் போதும். அதிலிருந்து 10 கேட்பார்கள், 6 சரியாகச் சொன்னால் தேர்ச்சி. மற்றவர்களுக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். 2025 அக்டோபர் 20 அல்லது அதற்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய சிவிக்ஸ் தேர்வு: 128 கேள்விகள் படிக்க வேண்டும், 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய முறை: 100 கேள்விகள், 10 கேட்பார்கள், 6 சரி. கேள்விப் பட்டியலைப் பதிவிறக்கும்போது உங்களுக்கு உரியது பழையதா புதியதா என்று பார்த்து எடுங்கள். நட்சத்திரக் குறிகளும் இரண்டு பட்டியலிலும் ஒன்றல்ல.

தேதிக் கணக்கில்தான் தவறு நடக்கிறது

எங்கள் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியம்மாவுக்கு 56 வயது. அமெரிக்கா வந்து பதினைந்து வருடம் தாண்டிவிட்டது என்று குடும்பமே கணக்குப் போட்டு விண்ணப்பித்தது. நேர்காணலுக்குத் தமிழ் தெரிந்த ஒரு பெண்ணையும் அழைத்துப் போனார்கள். அங்கே அதிகாரி கார்டைப் பார்த்துவிட்டு, விண்ணப்பித்த நாளில் பதினான்கு வருடமும் ஐந்து மாதமும்தான் ஆகியிருந்தது என்றார். எல்லாரும் எண்ணியது விமானத்திலிருந்து இறங்கிய நாளிலிருந்து. அப்போது பெரியம்மா வந்தது எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசாவில். கிரீன் கார்டு கிடைத்தது பிறகுதான். மொழிபெயர்ப்பாளரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஆங்கிலத்திலேயே தேர்வு. முதல் முறை தோல்வி, மறுதேர்விலும் தோல்வி. கட்டிய பணமும் போனது, பெரியம்மாவின் தைரியமும் போனது. திரும்ப விண்ணப்பிக்க அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு வருடம் ஆயிற்று.

அதனால் கார்டை எடுத்து மேசை மேல் வையுங்கள். அதில் 'ரெசிடென்ட் சின்ஸ்' என்று ஒரு தேதி இருக்கும். எண்ண வேண்டியது அதிலிருந்துதான். மாணவர் விசா, எச்-1பி, எச்-4, பார்வையாளர் விசாவில் இருந்த காலம் எதுவும் சேராது.

அடுத்த கண்ணி, 90 நாள் சலுகை. ஐந்து வருடக் கிரீன் கார்டு காலம் முடிய 90 நாள் இருக்கும்போதே என்-400 அனுப்பலாம் என்பது பலருக்கும் தெரியும். அந்தச் சலுகை இந்த வயது விலக்குக்குப் பொருந்தாது. வயதும் சரி, 15 அல்லது 20 வருடமும் சரி, விண்ணப்பிக்கும் நாளில் நிறைந்திருக்க வேண்டும். உதாரணமாக, கார்டில் 2011 ஜூன் 12 என்று இருந்தால், 55/15-இல் வர விரும்புகிறவர் 2026 ஜூன் 12-க்கு முன்னால் அனுப்பவே கூடாது. நேர்காணலுக்குள் நாள் நிறைந்துவிடும் என்று எண்ணி அனுப்பினால் பெரியம்மா கதைதான்.

இன்னொன்றும் உண்டு. இந்த 15, 20 வருடம் இடைவெளி இல்லாமல் தொடர்ந்து இருக்க வேண்டியதில்லை, எல்லாக் காலத்தையும் கூட்டி அவ்வளவு வந்தால் போதும். ஆனால் பேரப்பிள்ளை பிறந்தால் இங்கே, கல்யாணம் காட்சி என்றால் அங்கே என்று மாறி மாறி இருக்கும் பெற்றோர், நீண்ட பயணங்களைக் கழித்துப் பார்த்துவிட்டு, சில மாதம் தள்ளியே விண்ணப்பிப்பது நல்லது. இதைவிட முக்கியம், குடியுரிமைக்கான பொது விதிகள் அப்படியே நிற்கின்றன. கடந்த ஐந்து வருடத்தில் குறைந்தது 30 மாதம் உடலளவில் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணமாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கருதுவார்கள், அறவில்லை என்று நாம்தான் ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் அறுந்தேவிட்டது. ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்பி வருவதற்கு முன்கூட்டியே வாங்கும் அனுமதி) வாங்கிப் போனால் கார்டு காப்பாற்றப்படும், ஆனால் குடியுரிமைக்கான தொடர்ச்சியை அது காப்பாற்றாது. பாஸ்போர்ட்டுகளை, பழையது உட்பட, எடுத்து வைத்து ஒவ்வொரு முத்திரையாகப் பட்டியல் போடுங்கள். ஒரு மாலை வேலை, அவ்வளவுதான்.

அறுபதுக்குப் பிறகு வந்த பெற்றோர்

இங்கே மனதில் பட்டதை நேராகச் சொல்லிவிடுகிறேன். நம் பெற்றோர் பலர் பிள்ளை குடியுரிமை பெற்ற பிறகு, அவர் ஸ்பான்சர் செய்து, அறுபதைத் தாண்டி வருகிறவர்கள். 62 வயதில் கிரீன் கார்டு வாங்கியவருக்கு 55/15 பிரிவு 77 வயதில்தான் திறக்கும். 65/20 திறக்க 82 ஆகும். ஆனால் அவர் 67 வயதிலேயே, ஐந்து வருடம் முடிந்ததும், தேர்வு எழுதி விண்ணப்பிக்கலாம். பத்து வருடம் காத்திருப்பதா, ஒரு வருடம் உட்கார்ந்து படிப்பதா என்று அவரிடமே கேளுங்கள். நாம் முடிவு செய்யக் கூடாது. "அவங்களால முடியாது" என்று பிள்ளைகள் சொல்லும் பல அம்மாக்கள் என் கண்முன்னே தேறியிருக்கிறார்கள்.

ஏனென்றால் அந்த ஆங்கிலத் தேர்வு நாம் பயப்படும் அளவுக்குப் பெரிது இல்லை. படிப்பதற்கு மூன்று வாக்கியம் வரை தருவார்கள், ஒன்றைப் புரியும்படி படித்தால் போதும். எழுதுவதிலும் மூன்றில் ஒன்று. சின்ன எழுத்துப்பிழை இருந்தாலும் பொருள் கெடாமல் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். எந்தெந்தச் சொற்கள் வரும் என்ற பட்டியலையே யுஎஸ்சிஐஎஸ் வெளியிட்டிருக்கிறது. கடினம் என்றால் பேச்சுதான், ஏனென்றால் அது விண்ணப்பத்தில் உள்ள கேள்விகளைக் கேட்டுக்கேட்டே சோதிக்கப்படுகிறது. பல ஊர்களில் பொது நூலகங்களிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் இலவச ஆங்கில வகுப்பும் குடியுரிமை வகுப்பும் நடக்கின்றன. போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தன்னைப் போலவே வயதான வேற்று நாட்டுக்காரர்கள் நாலு பேர் தடுமாறுவதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விடும்.

உடல்நிலை காரணமாக விலக்கு: என்-648

வயதுக் கணக்கில் வராதவர், ஆனால் உண்மையிலேயே கற்க முடியாத நிலையில் இருப்பவர். அவருக்கான வழி என்-648 என்ற மருத்துவச் சான்றுப் படிவம். இதற்கு வயது வரம்பும் இல்லை, வருட வரம்பும் இல்லை. இதை வைத்து ஆங்கிலத்திலிருந்து மட்டும், சிவிக்ஸிலிருந்து மட்டும், அல்லது இரண்டிலிருந்தும் விலக்குக் கேட்கலாம்.

சட்டம் கேட்பது இது: உடல் குறைபாடோ, வளர்ச்சிக் குறைபாடோ, மனநலம் சார்ந்த பாதிப்போ இருக்க வேண்டும். அது 12 மாதம் நீடித்திருக்க வேண்டும், அல்லது நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். சட்டவிரோதப் போதைப்பொருளால் வந்ததாக இருக்கக் கூடாது. அந்தப் பாதிப்பால் இந்த நபரால் ஆங்கிலமோ சிவிக்ஸோ கற்று நினைவில் வைத்துத் தேர்வில் காட்ட முடியவில்லை என்று மருத்துவர் விளக்க வேண்டும்.

கடைசி வாக்கியத்தில்தான் உயிர் இருக்கிறது. நிராகரிக்கப்படும் படிவங்களில் பெரும்பாலும் நோயின் பெயர் இருக்கும், விளக்கம் இருக்காது. 'நோயாளிக்கு 74 வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஞாபக மறதி, தேர்வு எழுத இயலாது' என்று எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சர்க்கரை உள்ள எத்தனையோ பேர் தேர்வு எழுதுகிறார்கள். முதுமை தனியாக ஒரு காரணம் ஆகாது, பள்ளிக்கூடம் போகாததும் ஆகாது. மாறாக, பக்கவாதம் எப்போது வந்தது, மூளையின் எந்தப் பகுதியைப் பாதித்தது, அதனால் புதிய சொற்களை மனதில் நிறுத்தும் திறன் எப்படிப் போனது, எந்தச் சோதனையில் அதைக் கண்டார், தினசரி வாழ்க்கையில் அது எப்படித் தெரிகிறது என்று கோர்வையாகச் சொன்னால், அது சான்று. 2025-இல் இந்த இணைப்பை இன்னும் கவனமாகப் பார்க்கும்படி யுஎஸ்சிஐஎஸ் விதிகளை இறுக்கியிருக்கிறது. ஆகவே மேலோட்டமான படிவம் இப்போது முன்பு போல நிற்காது.

கையெழுத்துப் போடக்கூடியவர் அமெரிக்காவில் உரிமம் பெற்ற எம்.டி., டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவர்), அல்லது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மனநல உளவியலாளர்). ஊரில் இருபது வருடமாகப் பார்த்த டாக்டரின் கடிதம் கூடுதல் ஆதாரமாக உதவலாம், ஆனால் என்-648-ஐ அவர் நிரப்ப முடியாது. முடிந்தவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே போங்கள். 'சிட்டிசன்ஷிப் சர்டிபிகேட் உடனே கிடைக்கும்' என்று ஆள் பிடிக்கும் இடங்களுக்குப் போகாதீர்கள். பொய்ச் சான்று பிடிபட்டால் குடியுரிமை மட்டுமல்ல, கையில் இருக்கும் கிரீன் கார்டுக்கே ஆபத்து.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு தாளில் வீட்டில் நடப்பதை எழுதிக்கொண்டு போங்கள். பதினைந்து நிமிட அப்பாயிண்ட்மென்ட்டில் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லாத விஷயங்கள் அவை. என் தோழி அவள் அப்பாவைப் பற்றி எழுதியதில் சில வரிகள்: 'அடுப்பில் பால் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார், மூன்று முறை புகை அலாரம் அடித்தது. காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டால் தெரியவில்லை. பேத்தியை அவளுடைய அம்மாவின் பெயரால் கூப்பிடுகிறார். நடக்கப் போனவர் இரண்டு முறை வழி தெரியாமல் நின்றார்.' இதையெல்லாம் மருத்துவர் சோதனை முடிவுகளோடு சேர்த்து எழுதினார். அவர்கள் போட்ட விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

நாள் கணக்கு இங்கேயும் உண்டு. மருத்துவர் கையெழுத்திட்ட நாளிலிருந்து 180 நாளுக்குள் என்-400-ஐ அனுப்பிவிட வேண்டும், என்-648-ஐ அதோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். அப்புறம் தருகிறேன் என்றால் ஏன் தாமதம் என்று விளக்க வேண்டியிருக்கும். யுஎஸ்சிஐஎஸ் இந்தப் படிவத்துக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை, மருத்துவர் வாங்கலாம்.

காது மந்தம், சக்கர நாற்காலி, பார்வைக் குறைவு போன்றவற்றுக்கு என்-648 தேவைப்படாமலே போகலாம். சத்தமாகப் பேசச் சொல்வது, பெரிய எழுத்தில் தருவது, கூடுதல் நேரம், சைகை மொழி உதவி, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து நேர்காணல் எல்லாம் வசதி ஏற்பாடுகள். அவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். கற்க முடியும், ஆனால் உதவி வேண்டும் என்பவருக்கு ஏற்பாடு. கற்கவே முடியாது என்பவருக்கு என்-648.

நேர்காணலுக்குத் தயார் செய்வது

இரண்டு தேர்விலிருந்தும் விலக்குக் கிடைத்தவர்கூட நேர்காணலுக்குப் போகத்தான் வேண்டும். விண்ணப்பத்தில் எழுதியதை அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்பார். விலக்குப் பெற்றவருக்கு மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்பார்.

மொழிபெயர்ப்பாளரை நாம்தான் அழைத்துப் போக வேண்டும். தமிழும் ஆங்கிலமும் சரளமாகத் தெரிந்த, 18 வயது நிறைந்த ஒருவர், அடையாள அட்டையோடு. அங்கே ஜி-1256 என்ற உறுதிமொழிப் படிவத்தில் விண்ணப்பதாரரும் அவரும் அதிகாரி முன்னால் கையெழுத்திடுவார்கள், அதனால் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். உங்கள் வழக்கறிஞர் மொழிபெயர்க்க முடியாது. மகனோ மகளோ செய்யலாமா என்றால், அதிகாரி அனுமதிக்கவும் கூடும், மறுக்கவும் கூடும். வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவரையே அவர்கள் விரும்புகிறார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. அம்மா தடுமாறினால் மகள் வாய் சும்மா இருக்காது. அம்மா சொன்னதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அதிகாரி நிறுத்திவிடுவார்.

வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது சிவிக்ஸைவிட விண்ணப்பக் கேள்விகளுக்கு அதிக நேரம் கொடுங்கள். என் அத்தையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். லிங்கன், மார்ட்டின் லூதர் கிங் எல்லாம் தமிழில் கடகடவென்று சொன்னார். பிறகு விண்ணப்பத்திலிருந்து, "நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். தலையை ஆட்டி, "ஆமாம்மா" என்றார். திகைத்துப் போய், "அத்தை, உங்களைப் போலீஸ் பிடிச்சிருக்கா?" என்றேன். "ஐயய்யோ, யார் சொன்னா?" கேட்பவரை மதித்து எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' சொல்லிப் பழகிய தலைமுறை அது. அந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான பதில் 'இல்லை' என்பதுதான். பயங்கரவாதம், பொய்யாக ஓட்டுப் போட்டது, வரி கட்டாதது என்று அவை வரிசையாக வரும். ஒவ்வொன்றின் பொருளையும் தமிழில் விளக்குங்கள். புரியாவிட்டால் "புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம், அது தப்பில்லை என்று பத்து முறையாவது சொல்லுங்கள். நம் ஊர்த் தலையாட்டல் அங்கே ஆமாமா இல்லையா என்று புரியாது. வாயால் பதில் சொல்லப் பழக்குங்கள்.

சிவிக்ஸைத் தமிழில் சொல்லப் போகிறவருக்குக் கேள்வியையும் பதிலையும் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொடுங்கள். செனட், காங்கிரஸ் போன்றவற்றை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுங்கள். அதிபர், மாநில ஆளுநர், உங்கள் மாநிலத்தின் அமெரிக்க செனட்டர் பெயரெல்லாம் மாறக்கூடியவை, நேர்காணலுக்கு முந்தின வாரம் சரிபாருங்கள். மொழிபெயர்க்க வருபவரும் அந்த நோட்டை ஒருமுறை பார்த்துவிட்டால் இருவரும் ஒரே சொற்களைப் பயன்படுத்துவார்கள். விண்ணப்பதாரரின் வயது, படிப்பு, பின்னணியைக் கருத்தில் கொண்டு சிவிக்ஸ் கேள்விகளைத் தேர்ந்தெடுக்கவும் பதிலை மதிப்பிடவும் வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. இதை அவரிடம் சொல்லுங்கள், நடுக்கம் குறையும்.

தேறாவிட்டால், என்-648 ஏற்கப்படாவிட்டால்

முதல் முறை தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு, கட்டணம் இல்லாமல். தவறிய பகுதியை மட்டும் கேட்பார்கள். என்-648 போதாது என்று அதிகாரி முடிவு செய்தால் அன்றே தேர்வை எழுதிப் பார்க்க வாய்ப்புத் தருவார். அது முதல் முயற்சியாகக் கணக்காகும். எது குறை என்று கேட்டு, மருத்துவரிடம் அந்த இடத்தை விளக்கச் சொல்லி, அடுத்த முறை கொண்டுபோங்கள். மொத்தமாக நிராகரித்தால், 30 நாளுக்குள் என்-336 படிவம் போட்டு வேறு அதிகாரி முன் விசாரணை கேட்கலாம். இந்த நிலைக்கு வந்துவிட்டால் தனியாகப் போராடாதீர்கள். குடிவரவு வழக்கறிஞரையோ, நீதித்துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி உள்ள தொண்டு நிறுவனத்தையோ பாருங்கள். படிவம் நிரப்பித் தரும் கடைக்காரர் வழக்கறிஞர் அல்ல.

பணத்தைப் பொறுத்தவரை, 2024 ஏப்ரல் முதல் என்-400 கட்டணம் இணையத்தில் 710 டாலர், தாளில் 760. வருமானம் குறைவானவர்களுக்கு 380 டாலர் சலுகைக் கட்டணமும், ஐ-912 படிவம் வழியாக முழு விலக்கும் உண்டு. பெற்றோர் பலர் இதற்குத் தகுதி பெறக்கூடும், கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

உறுதிமொழி நாள்

ஆங்கில விலக்குப் பெற்றவர், கடைசியாக விழாவில் எடுக்கும் குடியுரிமை உறுதிமொழியை மொழிபெயர்ப்பாளர் துணையோடு எடுக்கலாம். மறதி நோய் முற்றி, உறுதிமொழியின் பொருளே புரியாத நிலையில் இருப்பவருக்கு அதிலிருந்தும் விலக்கு உண்டு. அதைப் பற்றியும் மருத்துவர் என்-648 படிவத்திலேயே எழுதலாம், ஆகவே முதலிலேயே சொல்லி வையுங்கள். அவருக்குப் பதிலாகச் செயல்படச் சட்டப்படியான காப்பாளரோ நெருங்கிய உறவினரோ தேவைப்படுவார்.

விழாவுக்கு என்-445 அழைப்புப் படிவத்தை நிரப்பிக் கொண்டுபோக வேண்டும், கிரீன் கார்டை அங்கே ஒப்படைக்க வேண்டும். இந்தியக் குடிமக்களாக இருந்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை, உறுதிமொழி எடுத்த நிமிடத்திலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் வர வேண்டும், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும், ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) விசாவோ கையில் வர வேண்டும். எனவே உறுதிமொழிக்கு அடுத்த மாதமே பேத்தி கல்யாணத்துக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டு வைக்காதீர்கள்.